அலர்ஜி மாத்திரையும் இதயச் செல்லின் பொட்டாசியம் வாசலும்

டெர்ஃபெனடின் 1985-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தும்மலையும் மூக்கொழுகலையும் நிறுத்தும். பழைய அலர்ஜி மாத்திரைகளைப் போலத் தூக்கத்தில் தள்ளாது. ஆனால் அதோடு கீட்டோகோனசோல், எரித்ரோமைசின் போன்ற மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிட்ட சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. சிலர் இறந்தும் போனார்கள். 1998-ல் அந்த மாத்திரை அங்கே சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

நடந்தது இதுதான். விழுங்கிய டெர்ஃபெனடினில் பெரும்பகுதியை கல்லீரல் உடனே ஃபெக்சோஃபெனடின் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடும். அலர்ஜியைத் தணிப்பது அந்தப் பொருள்தான். இன்று நம் மருந்துக் கடைகளில் தனி மாத்திரையாகவே கிடைக்கிறது. கூடவே சாப்பிட்ட மருந்து கல்லீரலின் அந்த வேலையைத் தடுத்தது. மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் ஏறி, இதயச் செல்லில் ஹெர்க் என்ற பொட்டாசியம் வாசலை, அதாவது செல் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் போகும் புரதத் துளையை, அடைத்தது.

ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயச் செல்லின் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. இறங்குவதற்குப் பொட்டாசியம் அயனிகள் வெளியே போயாக வேண்டும். வழி அடைபட்டால் இறக்கம் தாமதமாகும், ஈசிஜியில் க்யூடி இடைவெளி (இதயத்தின் கீழறைகள் மின்சாரத்தில் ஏறி இறங்கி முடிக்கும் நேரம்) நீளும். அந்த இடைவெளியில்தான் ஆபத்தான துடிப்பு கிளம்புகிறது. ஹெர்க்கின் உட்புறம் விசாலமானது, சுவரில் ஒட்டும் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் உண்டு. அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகள்கூட அதில் போய் மாட்டிக்கொள்கின்றன. (ஈதர் மயக்கத்தில் காலை உதறி ஆடிய பழ ஈக்களிடமிருந்துதான் இந்த மரபணுக் குடும்பத்துக்குப் பெயரே வந்தது.)

சரி, ஒரு புதிய மருந்து இதை அடைக்குமா என்று எப்படிப் பார்ப்பது? மனித சிறுநீரகச் செல் வகை ஒன்றில் ஹெர்க் மரபணுவைச் செலுத்தி வளர்க்கிறார்கள். ஒரு மைக்ரான் அளவு நுனியுள்ள கண்ணாடிக் குழாயைச் செல்லின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சினால், சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலின் மின்தடை 100 கோடி ஓமுக்கும் மேல். எர்வின் நேஹர், பெர்ட் சாக்மன் இருவரும் 1976-ல் தனி ஒரு வாசலின் மின்னோட்டத்தையே அளந்து காட்டினார்கள். 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆம்பியரை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் அந்த மின்னோட்டம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது பிரமிப்பாகவே இருக்கிறது.

சோதனையில் செல்லை முதலில் மைனஸ் 80 மில்லிவோல்ட்டில் வைத்து, பிறகு ப்ளஸ் 20-க்கு ஏற்றுவார்கள். வாசல் திறக்கும், ஆனால் உடனே வேறொரு வகையில் தாழிட்டுக்கொள்ளும். மறுபடி மைனஸ் 50 வாக்கில் இறக்கும்போது அந்தத் தாழ் சட்டென்று விலகி, வால் போல ஒரு பெரிய மின்னோட்டம் பாயும். அளப்பது அந்த வாலைத்தான். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்தச் செறிவில் வால் பாதியாகிறது என்று குறித்துக்கொள்வார்கள். நோயாளியின் ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டாமல் தனியே திரியும் மருந்தின் செறிவைவிட அந்தச் செறிவு 30 மடங்காவது அதிகமாக இருந்தால் ஓரளவு நிம்மதி.

கையால் செய்தால் ஒரு நாளைக்குச் சில செல்களையே அளக்க முடியும். இப்போது குழாய்க்குப் பதிலாக, அடியில் நுண்துளை கொண்ட 384 குழிகள் உள்ள தட்டுகள் வந்துவிட்டன. ஒரே நேரத்தில் அத்தனையிலும் செல்கள் உறிஞ்சப்பட்டு அளக்கப்படும். வேகம்தான், ஆனால் எளிதில் ஒட்டும் மருந்துகள் தட்டின் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொண்டு செல்லுக்குக் குறைவாகப் போய்ச் சேரும். ஆபத்தான மருந்து அப்பாவி போலத் தெரியும். அதனால் குழியில் மிஞ்சியிருக்கும் அளவையும் சோதிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் வெரபமில் ஹெர்க்கை நன்றாகவே அடைக்கிறது, ஆனாலும் அந்தக் கொடிய துடிப்பை அது உண்டாக்குவது அரிது. கால்சியம் வாசலையும் சேர்த்து அடைப்பதால் ஒன்றின் விளைவை மற்றது ஈடுகட்டுகிறது. ஹெர்க்கை மட்டும் பார்த்திருந்தால் ஒரு நல்ல மருந்து தொடக்கத்திலேயே குப்பைக்குப் போயிருக்கும். அதனால் புதிய மருந்துகளின் இதய ஆபத்தைக் கணிக்க 2013-ல் தொடங்கிய சிபா என்ற முயற்சியில் பொட்டாசியம், கால்சியம், சோடியம் வாசல்களைத் தனித்தனியாக அளந்து, அந்த எண்களைக் கணினியில் உருவாக்கிய மாதிரி இதயச் செல்லுக்குக் கொடுத்து, அதன் துடிப்பு குலைகிறதா என்று பார்க்கிறார்கள்.