பட்டுப்போன கட்டையில் காளானும் பாசியும்

மழை விட்ட மறுநாள் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் விழுந்து கிடக்கும் கட்டைகளைக் கவனியுங்கள். வெடிப்புகளில் ஆரஞ்சு நிறத்தில், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், சப்பையான கரண்டி போல நிற்பது டாக்ரியோபினாக்ஸ் ஸ்பேதுலேரியா என்ற ஜெல்லி காளான். வெயிலில் சுருங்கிப் பொருக்காகும். நனைந்தால் மறுபடி உப்பிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிவது வித்துகளைப் பரப்பும் உறுப்பு மட்டும்தான். உயிர் கட்டைக்குள் இழையாக ஓடிக்கொண்டிருக்கும். சுரண்டி எறிந்து பயனில்லை. நிழல் மரக் கிளையில் இது முளைத்தால் அந்தக் கிளை முன்பே பட்டுவிட்டது என்று அர்த்தம். கவாத்தில் கிளையை எடுத்தால் போதும். காய்ந்த கிளையோ வேலிக்கம்போ, எதிலும் பிழைக்கும் என்பதால் இதற்குப் பஞ்சமே இல்லை.

மக்கிய கட்டையை நம்பி வாழும் பாசிக்கு (மாஸ்) அப்படி வாய்ப்பதில்லை. ஐரோப்பாவின் பக்ஸ்பௌமியா விரிடிஸ் நல்ல உதாரணம். நம் மலையில் இல்லாத இனம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிட ஆணையில் பாதுகாக்கப்பட்டது. பட்டை உரிந்து, நன்றாக மக்கிய ஊசியிலை மரக்கட்டையில்தான் பெரும்பாலும் வளரும். இலைப்பகுதி இருப்பதே தெரியாது. குட்டைக் காம்பின் மேல் சாய்ந்து நிற்கும் பச்சை வித்துப்பை ஒன்றுதான் அடையாளம். அந்தக் கட்டை முழுதாக உதிர்வதற்குள் பக்கத்திலேயே அடுத்த கட்டை மக்கித் தயாராக இருக்க வேண்டும். காட்டைச் 'சுத்தம்' செய்து கட்டைகளை அகற்றினால் தொடர் அறுந்துவிடும்.

சேர்வராயன் மலையிலும் மக்கிய கட்டையை நம்பியுள்ள பாசிகளுக்கு இதே சிக்கல்தான். சோலை ஓரத்தில் விழுந்த பருத்த மரத்தை நிழலில், மண்ணைத் தொட்டபடி விட்டுவிடுங்கள். தண்டுத் துளைப்பான் வண்டு தாக்கிய காப்பிச் செடிக்கு இந்தச் சலுகை கிடையாது; பிடுங்கி எரித்தே ஆக வேண்டும்.

அராபிகா காப்பிச் செடியின் தண்டில் தளர்ந்த பட்டையைத் தேங்காய் மட்டையால் தேய்த்து எடுப்பதும் அந்தத் துளைப்பானைத் தடுக்கத்தான். அதே வேகத்தில் நிழல் மரங்களில் படர்ந்த பாசியையும் தேய்த்துவிடுகிறார்கள். அது வீண் வேலை. பாசிக்கு வேர் இல்லை, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதும் இல்லை. இலை பெரும்பாலும் ஒரே செல் தடிமன்தான். ஈரத்தையும் நஞ்சையும் நேராக உள்ளே இழுத்துவிடும். பூஞ்சாண நோய்க்குத் தெளிக்கும் போர்டோக் கலவையின் தாமிரம் அதைக் கருக்கும் என்பதால், தெளிக்கும்போது விசைத்தெளிப்பான் முனையைச் சோலைப் பக்கம் திருப்பாதீர்கள்.

ஆர்க்கிட் தொட்டிக்குக் காட்டுப்பாசியை உரிக்க வேண்டியதில்லை. தேங்காய் மட்டையை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். பழுப்புச் சாயம் இறங்குவது நின்றதும் கரித்துண்டுகளோடு கலந்து நிரப்பலாம்.