பூவையே கூலியாகக் கொடுக்கும் வெடிப்பலா

பெயரில் பலா இருக்கிறதே தவிர, வெடிப்பலாவுக்கும் நம் தோட்டத்துப் பலாவுக்கும் உறவு கிடையாது. காயின் மேல் முள்ளைப் பார்த்து வைத்த பெயர் அது. குரங்குப்பலா என்றும் சொல்வார்கள். தாவரவியலில் கல்லெனியா எக்ஸாரில்லேட்டா. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கில அரசின் பிரதிநிதியாக இருந்த வில்லியம் கல்லனின் நினைவாக வந்தது அந்த முதல் சொல். உண்மையான பங்காளி யார் என்றால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூக்கைத் துளைக்கும் டுரியான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இந்த மரம் இயற்கையாக வளர்வதில்லை. ஆனைமலையிலும் களக்காடு-முண்டந்துறையிலும் நடு உயரத்து மழைக்காடுகளில் இதுதான் பெரும்பான்மை மரங்களில் ஒன்று. 30 மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்த்து அடையாளம் காண்பது சிரமம். கீழே கிடக்கும் இலையை எடுத்துத் திருப்பினால் போதும். மேற்புறம் பளபளக்கும் பச்சை; அடிப்புறம் முழுக்க நுண்ணிய செதில்கள் அப்பி, வெள்ளியும் செம்பும் கலந்த நிறத்தில் மின்னும்.

விஷயமே பூவில்தான் இருக்கிறது. இந்தப் பூவுக்கு இதழ் கிடையாது. பூவின் வெளியுறையான புல்லிவட்டம்தான் சதைப்பற்றாக, குழாய்போல் திரண்டிருக்கும். அதற்குள்ளிருந்து மகரந்தக் கேசரங்கள் கொத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பூக்கள் நுனிக்கிளையில் இலைகளுக்கு நடுவே வருவதில்லை. இலை உதிர்ந்துபோன பகுதியில், தடித்த கிளையை ஒட்டிக் குவியல் குவியலாகப் பூக்கும். பட்டாம்பூச்சிக்கு இந்த ஏற்பாடு எதற்கு? வருகிற விருந்தாளிகள் கனமானவர்கள்.

பிப்ரவரி வாக்கில் பூ தொடங்கும். காட்டில் பழம் குறைவாக இருக்கும் வறண்ட நாட்கள் அவை. களக்காடு-முண்டந்துறையின் கக்காச்சிக் காட்டில் ஆய்வாளர்கள் கவனித்தபோது, சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில், பழந்தின்னி வௌவால் என்று பாலூட்டிகளின் வரிசையே இந்தப் பூவுக்கு வந்திருக்கிறது. பெரும்பாலானவை தேனுக்காக வருவதில்லை. அந்தச் சதைப்பற்றான புல்லிவட்டத்தையே தின்கின்றன. தின்னும்போது முகத்திலும் மயிரிலும் மகரந்தம் ஒட்டுகிறது. அடுத்த மரத்துக்குத் தாவும்போது அதுவும் கூடவே போகிறது.

சரி, பூவைத் தின்றுவிட்டால் காய் எப்படி வரும்? தின்ற பூ பெரும்பாலும் போனதுதான். ஆனால் ஒரு மரம் ஆயிரக்கணக்கில் பூக்கிறது. அத்தனையும் காயானால் கிளை தாங்காது. கொஞ்சத்தைப் பறிகொடுத்து மிச்சத்துக்கு மகரந்தம் வாங்கிக்கொள்கிறது. நல்ல வியாபாரம்தான்.

இந்த இடத்தில்தான் பங்காளியோடு ஒப்பிட வேண்டும். ஜாதிக்காயைச் சுற்றியிருக்கும் சிவப்பு உறையை ஜாதிபத்திரி என்று கடையில் விற்கிறார்களே, அதுபோன்ற விதையுறைதான் டுரியானில் நாம் தின்னும் சதை. விதையைச் சுமந்து போகிறவர்களுக்கு டுரியான் தரும் கூலி அது. வெடிப்பலாவின் விதையில் அந்த உறையே கிடையாது. ‘எக்ஸாரில்லேட்டா’ என்றாலே ‘விதையுறை இல்லாதது’ என்றுதான் பொருள். டுரியான் பழத்தில் கொடுப்பதை இது பூவிலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

குரங்குகள் அதற்காகக் காயை விட்டுவைப்பதில்லை. கையைக் குத்தும் முள்ளையும் பொருட்படுத்தாமல் சிங்கவால் குரங்கு காயைப் பிய்த்து, முற்றாத விதையைத் தின்கிறது. அதன் முக்கிய உணவுகளில் இது ஒன்று. இங்கே மரத்துக்கு நட்டம்தான்; மென்ற விதை முளைக்காது.

தப்பிய காய்கள் முற்றி, பெயருக்கேற்றபடி வெடித்துப் பிளக்கும். பழுப்பு நிறப் பெரிய விதைகள் தாய்மரத்தின் அடியிலேயே விழும். விதைக்குள் கட்டுச்சோறு நிறைய இருப்பதால், வெயில் எட்டாத அந்த நிழலிலும் கன்று முளைத்து நிற்கிறது.