யோசிக்கும் பிள்ளையின் முகவாயைத் திருப்பாதீர்கள்

"பதினேழை ஆறால் பெருக்கினா எவ்வளவு?" என்று கேட்டதும் பிள்ளையின் கண் மின்விசிறிப் பக்கம் போகிறது. உதடு அசைகிறது: ஆறேழு நாற்பத்திரண்டு, கையில் 4... அந்த நேரம் பார்த்து அம்மா முகவாயைப் பிடித்துத் திருப்பி, "இங்க என்னப் பாத்துச் சொல்லு" என்கிறார். நாற்பத்திரண்டு பறந்துவிடுகிறது. பிள்ளை திருதிருவென்று விழிக்கிறது.

எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. கோபமா, சம்மதமா, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று படித்துக்கொண்டே இருக்கும். கணக்குக்கும் அதே கவனம்தான் வேண்டும். கேள்வி கடினமானால் பார்வை விலகுவது அதனால்தான். ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 வயதுப் பிள்ளைகளை, யோசிக்கும்போது வேறு பக்கம் பார்க்கச் சொல்லி ஊக்குவித்தார்கள். சரியான விடைகள் கூடின. 2006-இல் வெளியான ஆய்வு அது. எனவே கேள்வி கேட்டபின் ஐந்தாறு விநாடி வாய்திறக்காமல் காத்திருங்கள். விடை வரும்போது கண்ணும் பெரும்பாலும் தானே திரும்பி வரும்.

பெரியவர்களும் இப்படித்தான். பேசத் தொடங்கும்போது பார்வை விலகும், சொல்லி முடிக்கும்போது "இனி நீங்க சொல்லுங்க" என்பதுபோல் திரும்பி வரும். கேட்பவர் பேசுபவரைவிட அதிக நேரம் பார்ப்பார். இந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்ளாமல் "கண்ணையே பார்த்துப் பேசு" என்று சொல்லிக்கொடுப்பதால்தான் நேர்காணலுக்குப் போகும் இளைஞர்கள் முறைக்கிறார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த சுமார் 500 பேரிடம், நேருக்கு நேர் பார்வை எவ்வளவு நேரம் இருந்தால் இயல்பாக இருக்கிறது என்று சோதித்தார்கள். சராசரி 3.3 விநாடி. அதற்கு மேல் நீண்டால் பலருக்கும் நெளியத் தோன்றும்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாத்தா கண்டிக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் "என்ன முறைக்கிற?" என்பார்கள். இருபது வருடம் அப்படி வளர்ந்தவரை நேர்காணலில் தலைகுனிந்தார் என்பதற்காகத் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று முடிவுகட்டுவது அநியாயம். கண்ணைப் பார்க்காதவர் பொய் சொல்கிறார் என்பதும் அப்படித்தான். பொய்யைக் கண்டுபிடிக்கப் பார்வை நம்பத்தக்க அடையாளமே இல்லை.

பார்ப்பது கூச்சமாக இருப்பவர்கள் எதிராளியின் வாயையோ புருவ நடுவையோ பார்க்கலாம். ஒரு மீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. நாற்காலியை எதிரெதிரே போடாமல் மேசையின் மூலைக்கு இரு பக்கமும் போடுங்கள். வளர்ந்த பிள்ளையிடம் பேச வேண்டிய கனமான விஷயம் இருந்தால் வண்டியில் போகும்போதோ, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போதோ பேசுங்கள். வீடியோ அழைப்பில் எதிராளியின் முகம் தெரியும் கட்டத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்குக் கீழேயே நகர்த்தி வையுங்கள்.

இனி, கவனிக்க வேண்டியவை. மூன்று மாதமாகியும் குழந்தை முகத்தைப் பார்க்கவில்லை, அசையும் பொருளைப் பின்தொடரவில்லை, கண் மாறுகண்ணாகவே நிற்கிறது என்றால் முதலில் கண் மருத்துவரிடம் போங்கள். ஒரு வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால் காதுப் பரிசோதனையும் வளர்ச்சி மதிப்பீடும் வேண்டும். அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இதைச் செய்கிறார்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று ஒரு வருடத்தைக் கழித்துவிட வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கண்ணைப் பார்ப்பதே சில நேரம் வேதனை. வளர்ந்தபின் பலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கன்னத்தைப் பிடித்துத் திருப்புவது, கண்ணருகே பிஸ்கட்டைக் காட்டிப் பார்க்கவைப்பது இரண்டையும் நிறுத்துங்கள். பிஸ்கட்டைப் பார்க்கத்தான் பிள்ளை பழகும்.

அதற்குப் பதில் தரையில், பிள்ளையின் கண்மட்டத்தில் உட்காருங்கள். சோப்பு நுரைக் குமிழ் இரண்டு முறை ஊதுங்கள். மூன்றாம் முறை குச்சியை வாயருகே வைத்து ஊதாமல் நிறுத்துங்கள். "பாரு" என்று சொல்ல வேண்டாம். அரை விநாடிப் பார்வையோ, கையை இழுப்பதோ, ஒரு சத்தமோ, எது வந்தாலும் உடனே ஊதிவிடுங்கள்.