கம்போசிட் – கூட்டுப்பொருள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் இயற்பியல் முதுகலை படிக்கிறாள். நன்றாகக் குளிர்ந்தால் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்). அதன் பொடியை ரப்பரில் சேர்த்து ஒரு கம்போசிட் செய்கிறாள். பாட்டிக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டுமாம். "கம்போசிட்டுக்குக் கலவைன்னு சொன்னாப் போதுமா மாமா?" என்று கேட்டாள்.

போதாது. உப்பு தண்ணீரில் கரைந்தாலும் கலவைதான். எங்கே மொண்டாலும் ஒரே கரிப்பு. சோடியமும் குளோரினும் இணைந்து உப்பானால் சேர்மம். இரண்டின் பழைய குணமும் போய்விடும். கம்போசிட்டில் கரைவதும் இல்லை, குணம் மாறுவதும் இல்லை. பூசணிக்காய்க் கூட்டில் பருப்பு பிடித்துக்கொள்ள, காய் துண்டாகவே கிடக்கிறதே, அப்படித்தான். 'சேர்த்து வை' எனப் பொருள்படும் 'கொம்போனெரே' என்ற லத்தீன் வினையே 'கம்போசிட்' என்ற சொல்லின் வேர். நம் 'கூட்டு' என்ற வினைக்கும் அதே பொருள். ஆகவே கூட்டுப்பொருள்.

'மீக்கடத்தி'யில் உள்ள 'மீ' மேல் என்று பொருள்படும். பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணியில் வருவதும் இதுதான்.

அவள் செய்முறையைப் பார்த்தால் சொல் இன்னும் தெளிவாகும். இட்ரியம், பேரியம், தாமிரம் 1:2:3 என அமையும்படி இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் அரைத்து, 900 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டு, ஆக்சிஜனில் மெல்ல ஆறவிட வேண்டும். கிடைப்பது கறுப்புப் பீங்கான். 1987இல் கண்டறியப்பட்ட இது சுமார் 93 கெல்வினுக்குக் (−180 டிகிரி செல்சியஸ்) கீழே மீக்கடத்தியாகும். 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே குளிர்விக்கப் போதும். ஆனால் தட்டினால் நொறுங்கும். அதனால்தான் பொடியாக்கி, சிலிக்கோன் ரப்பரில் பிசைந்து, அச்சில் இட்டு இறுகவிடுகிறார்கள்.

சோதனையில்தான் கூட்டின் குணம் வெளிப்படுகிறது. துகள்களுக்கு நடுவே ரப்பர் நிற்பதால் மின்னோட்டத்துக்கு வழியில்லை. மின்தடையை அளந்தால் மின்சாரம் கடத்தாத வெறும் காப்பான் போலத் தெரியும். அப்புறம் காந்தச் சோதனை. குளிரூட்டிக்கொண்டே போனால், ரப்பரில் சேரும் முன்பு மீக்கடத்தியாக மாறிய அதே வெப்பநிலையை ஒட்டி ஒவ்வொரு துகளும் காந்தப்புலத்தை வெளியே தள்ளத் தொடங்கும். அதுதான் மீக்கடத்தியின் அடையாளம். ரப்பருக்குள் இருந்தும் மீக்கடத்தி மீக்கடத்திதான்! ரப்பர் வளைவது மட்டும் அறை வெப்பநிலையில்தான். திரவ நைட்ரஜனில் முக்கினால் அதுவும் கண்ணாடிபோல் விறைத்துவிடும்.

இன்னொன்று. இந்த ரப்பரை 'மேட்ரிக்ஸ்' என்பார்கள். அகராதியைப் பார்த்து, கணக்குப் பாடத்து 'அணி' என்று எழுதிவிடக் கூடாது. துகளைப் பிடித்து நிறுத்துவதால் 'தாங்குபொருள்' என்பதே சரி என்று அவளிடம் சொன்னேன்.