நன்னீர் மட்டி: 'மஸ்ஸல்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

மும்பை உணவகங்களின் விலைப்பட்டியலில் காணப்படும் 'மஸ்ஸல்' என்னும் சொல், இரண்டு ஓடுகளுக்குள் வாழும் ஒருவகை மெல்லுடல் உயிரைக் குறிப்பது; அது சிறு எலியைக் குறிக்கும் 'மஸ்குலஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தசையைக் குறிக்கும் 'மசில்' என்பதும் அதே வேரில் பிறந்ததே. இச்சொல்லை நாம் அப்படியே எடுத்தாள்வதில் ஒரு சிக்கல் உண்டு. கடற்பாறையில் நார் போன்ற இழைகளால் ஒட்டி வாழும் உயிரையும், ஆறு குளங்களின் சேற்றில் பாதி புதைந்து வாழும் உயிரையும் அது ஒரே பெயரால் அழைக்கிறது. இவையோ உயிரியல் வகைப்பாட்டில் இருவேறு வரிசைகளைச் சேர்ந்தவை.

தமிழின் பழைய சொல் 'இப்பி'. புறநானூற்றின் 53ஆம் பாடல் 'முதிர்வார் இப்பி முத்த வார்மணல்' என்றே தொடங்குகிறது. சிறகும் இறகும் போலச் சிப்பியும் இப்பியும் இணைவடிவங்கள். கன்னடச் 'சிப்பு', தெலுங்குச் 'சிப்ப', இந்தி 'சீப்', மராத்தி 'ஷிம்ப்லா' ஆகியவையும் இந்தக் குடும்பத்துச் சொற்களே. மும்பை தாராவியில் கோலி மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் கத்தி முனையால் ஓட்டைப் பிளந்தபடி கோலிப் பெண் 'ஷிம்ப்ல்யா' என்று கூவ, திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பெண் 'சிப்பி கைசா தியா, மவுசி?' (சிப்பி என்ன விலை, சித்தி?) என்று கேட்கிறார். இருவருக்கும் இடையில் அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

கன்னியாகுமரிக் கடலோரத்தில் முக்குளித்துப் பாறையிலிருந்து பெயர்த்தெடுப்பதைச் சிப்பி என்பர்; மணலிலும் சேற்றிலும் புதைந்திருப்பதற்கு மட்டி என்ற பெயர் பல கரைகளில் வழங்குகிறது. ஆகவே கடலில் வாழ்வதைச் சிப்பி என்றும், குளத்தில் வாழ்வதை 'நன்னீர் மட்டி' என்றும் பிரித்துச் சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. நாகர்கோவில்காரருக்கு மட்டி என்றதும் வாழைப்பழமே முதலில் நினைவுக்கு வருமாதலால், 'நன்னீர்' என்ற அடைமொழியை விட்டுவிடக் கூடாது.

உணவுச்சத்தைப் பேசும்போது இந்தப் பிரிவு மிகவும் தேவைப்படுகிறது. 100 கிராம் பச்சைச் சதையில் ஏறத்தாழ 12 கிராம் புரதம், 2 கிராம் கொழுப்பு, 4 மில்லிகிராம் இரும்பு, 12 மைக்ரோகிராம் வைட்டமின் பி12 என்று பரவலாகக் காட்டப்படும் கணக்கு, கடலில் வாழும் நீலச் சிப்பிக்கு உரியது. அந்தப் பி12 அளவு, வளர்ந்த ஒருவரின் அன்றாடத் தேவையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்தக் கணக்கை நம் குளத்து மட்டிக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது தவறு. கிழக்கு, வடகிழக்கு இந்தியாவில் எளிய மக்கள் சமைத்து உண்ணும் 'லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ்' என்னும் நன்னீர் மட்டியிலும் நல்ல புரதம் உண்டு, கொழுப்பு குறைவு, சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் துத்தநாகமும் உண்டு. ஆனால் அவற்றின் அளவு பருவத்துக்கும் இனப்பெருக்க நிலைக்கும் அது வாழும் நீருக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

மட்டி தான் வாழும் நீரைச் செவுள்களால் வடிகட்டி இரையெடுப்பதால், அந்த நீரில் உள்ள கிருமியும், காட்மியம், ஈயம் ஆகிய நச்சு உலோகங்களும் அதன் உடலில் சேர்கின்றன. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். இரவு முழுவதும் நல்ல நீரில் போட்டு வைத்தால் மணலும் குடலில் உள்ள சேறும் வெளியேறும். சதையில் படிந்த உலோகத்தை இவ்விரண்டும் நீக்குவதில்லை என்பதால், மும்பையின் மாசடைந்த மித்தி ஆற்றிலோ பவாய் ஏரியிலோ எடுத்த மட்டியைச் சத்துள்ளது என்று சொல்லி யாருக்கும் பரிமாறக் கூடாது.