காற்றுக்கு விலை இல்லை, கியர்பாக்ஸுக்கு டாலர்

ஈரானின் வடக்கே கீலான் மாகாணத்தில் மஞ்சீல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரங்களைப் பார்க்கலாம். கோடையில் நடு ஈரானின் பாலைப் பீடபூமி கொதிக்கும்போது அங்குள்ள காற்று லேசாகி மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்ப காஸ்பியன் கடல் பக்கத்துக் குளிர்காற்று தெற்கே ஓடிவரும். குறுக்கே அல்போர்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. செஃபித் ரூத் ஆறு அறுத்து வைத்திருக்கும் இடுக்குதான் வழி. ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதே கதைதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஈரானின் முதல் நவீன காற்றாலைகளை 1994இல் இங்கே நட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

காற்றைப் பிடிக்கும் வித்தை அவர்களுக்குப் பழசு. கிழக்கே நஷ்டிஃபானில் மண்ணாலும் மரத்தாலும் கட்டிய, நின்றவாக்கில் சுழலும் மாவாலைகள் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. சீஸ்தான் பக்கம் கோடையில் வீசும் காற்றுக்கு ‘120 நாள் காற்று’ என்றே பெயர். வெயிலுக்கும் குறைவில்லை.

ஆனாலும் 2021க்குள் காற்று, சோலார் போன்றவற்றிலிருந்து 5,000 மெகாவாட் என்று ஈரான் போட்ட திட்டம், நீர்மின்சாரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்த ஆண்டில் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. உலகிலேயே ரஷ்யாவுக்கு அடுத்தபடியாக எரிவாயு வைத்திருக்கும் நாடு, மின்சாரத்தின் பெரும்பகுதியும் அதிலிருந்துதான், மானியமும் தாராளம். அப்படியிருக்க சோலாரை யார் சீண்டுவார்கள்? இது பாதி பதில்தான். மீதி, செலவு எந்த நாளில் விழுகிறது என்பதில் இருக்கிறது.

எரிவாயு மின்நிலையம் நடத்துபவருக்குச் செலவு தினம் தினம் வரும். அடுப்புக்குள் போகும் எரிவாயு உள்ளூர்க் குழாயில் வருவது, காசும் உள்ளூர் ரியால். சோலார் பண்ணையில் எரிபொருள் செலவே கிடையாது. அதனால் இருபது வருடச் செலவில் பெரும்பங்கு முதல் நாளே வந்து நிற்கும்: பேனல், இன்வெர்ட்டர், கம்பி, தாங்கும் சட்டம். பெரும்பாலும் இறக்குமதி, ஆகவே டாலர். இதற்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டிய வருமானமோ ரியாலில், அதுவும் துளித்துளியாக. 2018 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம் ரியால். 2025இல் வெளிச்சந்தையில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

வட்டியையும் பாருங்கள். 100 ரூபாய் கடன், இருபது வருடத் தவணை. வட்டி 4 சதவீதம் என்றால் வருடத்துக்கு 7 ரூபாய் 36 காசு கட்ட வேண்டும். 15 சதவீதம் என்றால் 15 ரூபாய் 98 காசு. பேனலும் வெயிலும் மாறவில்லை, மின்சாரத்தின் அடக்கவிலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். ஈரான் மீதான பொருளாதாரத் தடை வெயிலை மறைக்காது. கடன் கொடுப்பவரைப் பயமுறுத்தும், அவ்வளவுதான். அதுவே போதும். 600 மெகாவாட் சோலார் பண்ணை கட்டுவதாக இருந்த குவெர்கஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், ஈரானோடு போட்ட அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகிய 2018லேயே வேலையை நிறுத்திக்கொண்டது.

காற்றாலைக்கு இன்னொரு தலைவலி. இறக்கை நிமிடத்துக்குப் பத்து முதல் முப்பது சுற்றுதான் சுற்றும். ஜெனரேட்டருக்கோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்று வேண்டும். பல வகை ஆலைகளில் நடுவே கியர்பாக்ஸ் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறது. அதில் ஒரு பேரிங் தேய்ந்து உலோகத்தூள் எண்ணெயில் கலந்தால் கியர்களின் பற்களும் சேர்ந்து அரைபடும். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வங்கி பணம் அனுப்ப வேண்டும், பெரிய கிரேன் வேண்டும். அதுவரை ஆலை சும்மா நிற்கும், காற்று பாட்டுக்கு வீசிக்கொண்டிருக்கும். மாப்னா என்ற ஈரானிய நிறுவனம் ஜெர்மன் வடிவமைப்பை உரிமம் வாங்கி 2.5 மெகாவாட் ஆலைகளை உள்ளூரில் செய்வது இதையெல்லாம் யோசித்துத்தான் இருக்க வேண்டும்.

பேனலில் சுழலும் பாகமே இல்லை. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் துடைத்தால் போதும் (பாலை நாட்டில் துடைக்கத் தண்ணீர் எங்கே என்பது தனிக் கதை). விலையும் பத்துப் பதினைந்து வருடத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. சீனாவிலிருந்து கிடைக்கிறது. தடையில் மாட்டிய நாட்டுக்குக் காற்றாலையைவிட சோலார் தோதானது என்பது என் கணிப்பு.

இதற்கிடையே எரிவாயுவே தட்டுப்பாடாகிவிட்டது. ஈரானின் மிகப்பெரிய எரிவாயு வயலான தெற்கு பார்ஸில் அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்டப் பிரம்மாண்டமான கம்ப்ரெசர்கள் வேண்டும். அங்கே பதினொன்றாம் கட்டத்தில் இறங்கிய பிரான்சின் டோட்டல் நிறுவனமும் 2018லேயே வெளியேறிவிட்டது. இப்போது கோடையில் ஏசி ஓடும் நேரத்தில் மின்வெட்டு. அந்த உச்சிவெயிலில்தான் பேனலும் அதிகம் தரும் என்பதால் சோலார் மீது அரசுக்கு இப்போது உண்மையான ஆசை.

குளிர்காலம்தான் சிக்கல். வீடுகளைச் சூடாக்கவே எரிவாயு போய்விடும், மின்நிலையங்கள் மாசூத் என்ற கரி கக்கும் எண்ணெயை எரிக்கும், 2024 டிசம்பரில் அலுவலகங்களையும் பள்ளிகளையும் மூட வேண்டியதாயிற்று. அப்போது பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். மஞ்சீல் காற்றும் கோடைக்காரன்தான்.