நுண்ணிய வேலைக்கு ஊசி முனை வேண்டாம்

வீட்டில் சால்டரிங் (ஈயத்தை உருக்கிப் பாகங்களை இணைக்கும் வேலை) செய்து பார்த்துவிட்டு எங்கள் பழுதுபார்ப்புக் கூடத்துக்குக் கொண்டுவரப்படும் சர்க்யூட் போர்டுகளில், கருகிய பாகங்களைவிடப் பெயர்ந்துபோன பேட்களையே (பாகத்தின் கால் ஒட்டும் சிறு செம்புப் பரப்புகளையே) நான் அதிகம் பார்க்கிறேன். வேலை நுணுக்கமானது என்பதால் சால்டரிங் அயர்னுக்கு இருப்பதிலேயே கூரான முனையை வாங்கி, சூட்டையும் குறைத்து, நிதானமாகச் செய்ததாகவே பலரும் சொல்கிறார்கள். அந்த நிதானம்தான் போர்டைக் கெடுக்கிறது. ஊசி முனை இணைப்பைத் தொடும் பரப்பு மிகச் சிறியது என்பதால், வெப்பம் போதிய வேகத்தில் இறங்காமல், ஈயம் உருகும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க நேர்கிறது; அதற்குள் செம்புப் பேடுக்கும் போர்டுக்கும் இடையிலுள்ள பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள உளி வடிவ முனையை 320 முதல் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, இரண்டு மூன்று வினாடிகளில் முடித்துக் கையை எடுப்பதே பாதுகாப்பானது. மிக நெருக்கமாக அமைந்த பாகங்களின் கால்களுக்கு இதைவிடக் குறுகிய உளி முனை போதும்.

இதற்கு வெப்பக் கட்டுப்பாடுள்ள சால்டரிங் ஸ்டேஷன் வேண்டும். சாதாரண 25 வாட் அயர்ன் சும்மா இருக்கும்போது தேவைக்கு மேல் சூடேறி, பெரிய செம்புப் பரப்பைத் தொட்டதும் சூடு இறங்கிவிடும். ஒயர் இணைக்க அது போதும், நுண்ணிய ஐசிக்கு (பல கால்கள் கொண்ட சில்லுக்கு) போதாது. எர்த் இணைப்புள்ள மூன்று பின் பிளக் இருப்பதையும், வீட்டு பிளக் பாயின்டில் எர்த் உண்மையில் வேலை செய்வதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் முனையில் கசியும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) போன்றவற்றைச் சத்தமில்லாமல் பழுதாக்கிவிடும்.

ஈயக்கம்பி வாங்கும்போது 63/37 என்று கேட்டு வாங்குங்கள். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்ட இக்கலவை 183 டிகிரியில் நேராக உருகி, அதே சூட்டில் நேராக இறுகிவிடும். மலிவான 60/40 கம்பியோ இறுகும் முன் சிறிது நேரம் கூழாக நிற்கும்; அப்போது பாகம் அசைந்தால் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத இணைப்பு, உண்டாகும். காரீயம் இல்லாத கம்பி உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் புதிதாகப் பழகுபவருக்கு அது கடினம். எனினும் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் தயாரான போர்டுகளில் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. அவற்றில் பாகத்தைக் கழற்றும் முன் சிறிது 63/37 ஈயத்தைச் சேர்த்து உருக்கினால் எளிதில் கழலும்.

கம்பி 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமனும், உள்ளே ரோசின் ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பிசினும்) கொண்டதாக இருக்கட்டும். தகர வேலைக்கும் குழாய் வேலைக்கும் விற்கும் அமில ஃப்ளக்ஸை மட்டும் போர்டின் அருகில் கொண்டுவராதீர்கள். இணைப்பு அன்று பளபளவென்று இருக்கும்; மிஞ்சிய அமிலம் பின்னர் டிராக்கை (போர்டின் செம்புத் தடத்தை) பச்சை பூக்க அரித்துவிடும், அப்படி அரித்த போர்டை எங்களால்கூடப் பல வேளைகளில் மீட்க முடிவதில்லை. முனை கறுத்துவிட்டால் அரத்தால் தேய்க்க வேண்டாம். மேலுள்ள இரும்புப் பூச்சு போனபின் உள்ளிருக்கும் செம்பை ஈயமே கரைத்துவிடும். பித்தளைச் சுருளில் துடைத்து, புதிய ஈயம் பூசி வைத்தால் போதும்.

எழும் புகை காரீயப் புகை அன்று, ரோசின் புகை. ஆனால் அதுவும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால் சன்னலைத் திறந்து, புகை முகத்தைவிட்டு விலகிச் செல்லுமாறு மின்விசிறியை வையுங்கள். காரீயம் உடலுக்குள் செல்வது பெரும்பாலும் கை வழியாகத்தான். ஆகவே சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சிதறிய துணுக்குகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கம்பிச் சுருளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.